எஜமானின் குரல்: வணிகச் சின்னத்தின் அடியில் மறைந்த இல்லக் குரற்பதிவு

கிராமபோன் குழலின்முன் தலைசாய்த்து அமர்ந்திருக்கும் நாயின் படம் தமிழ்நாட்டு இல்லங்களிலும் நன்கு அறியப்பட்ட வணிகச் சின்னமாகும். மறைந்த எஜமானின் குரலைக் கேட்டு அந்நாய் மயங்குகிறது என்ற கதை அதனுடன் சேர்ந்தே வழங்கி வருகிறது. ஒலிப்பதிவுக் கருவிகளின் வரலாற்றோடு ஒப்பிட்டால் இக்கதை ஐயத்திற்குரியதாகிறது.

இறந்தோர் குரலைக் காத்தல் என்னும் எண்ணம் ஒலிப்பதிவைப் போன்றே பழமையானது. 1877இல் போனோகிராபை உருவாக்கிய எடிசன், மறு ஆண்டே அமெரிக்க இதழொன்றில் அதன் பயன்களைப் பட்டியலிட்டார். குடும்பத்தார் குரல்களையும் மரணத் தறுவாயில் இருப்போரின் இறுதிச் சொற்களையும் பதிந்து வைத்தல் அவற்றுள் ஒன்று. ஆயினும் அன்றைய கருவி வெள்ளீயத் தகட்டில் பதிந்த ஒலி சில முறை கேட்டவுடன் தேய்ந்துவிடும். தகட்டைக் கழற்றினால் மீண்டும் பொருத்திக் கேட்பதும் அரிது. வாக்குறுதி கருவியை முந்திவிட்டது எனலாம். மெழுகு உருளைகள் புழக்கத்திற்கு வந்த பின்னரே குரலைச் சேமித்து வைத்தல் ஓரளவு கைகூடியது. எடிசனின் மேம்பட்ட கருவி 1888இல் வெளிவந்தது.

நிப்பர் என்ற அந்நாயின் உரிமையாளர் மார்க் பரோ 1887இலேயே இறந்துவிட்டார். எனவே அவரது குரல் உருளையில் பதிவாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நிப்பரும் 1895இல் இறந்தது. மார்க்கின் தம்பி பிரான்சிஸ் ஓவியத்தைத் தீட்டியது அதற்கும் பின்னரேயாகும். 1899இல் அவர் பதிவு செய்த தலைப்பு, போனோகிராபைப் பார்த்துக் கேட்கும் நாய் என்ற பொருளுடையது. அதில் எஜமானும் இல்லை, மரணமும் இல்லை.

அவ்வாண்டே கிராமபோன் நிறுவனம் ஓவியத்தை வாங்கியது. உருளைக் கருவியை மறைத்துத் தட்டுக் கருவியை வரைந்து தருமாறு கோரியது. இம்மாற்றம் வெறும் விளம்பர உத்தியன்று. உருளைக் கருவி பதியவும் வல்லது, ஒலிக்கவும் வல்லது. பெர்லினரின் தட்டுக் கருவியோ வீட்டில் ஒலிக்க மட்டுமே வல்லது. பதிவு நிறுவனத்தின் கூடத்தில் நிகழும். புகழ்பெற்ற பாடகரின் குரல் ஆயிரக்கணக்கான படிகளாகப் பெருகிற்று. தாயின் குரலைப் பதிய வழியில்லாது போயிற்று. தமிழில் இப்பொருள் ‘இசைத்தட்டு’ என்றே பெயர் பெற்றதும் (குரல்தட்டு என்றன்று) இங்குக் கருதத்தக்கது. ஆகவே, வீட்டில் பதிந்த எஜமானின் குரலை நாய் கேட்பதென்பது மூல ஓவியத்தின் கருவியில் இயலும். திருத்திய ஓவியத்தின் கருவியில் இயலாது. உரிய ஒளியில் நோக்கினால் பழைய கருவியின் வடிவம் வண்ணப் பூச்சின் அடியில் இன்றும் தென்படுகிறது.

உருளையை இழந்த பொற்காலமாகக் கருதுவதும் பொருந்தாது. அதன் மேற்பரப்பைச் சீவிவிட்டு மறுபதிவு செய்யலாம். வீட்டில் பதிந்த குரலுக்குப் பெரும்பாலும் வேறு படியும் இல்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட் இல்லக் குரற்பதிவை எளியோர்க்கும் மீட்டளித்தது. வளைகுடா நாடுகளுக்குப் பணிக்குச் சென்றோர் தம் குரலையே கடிதமாக அனுப்பினர். மறுமொழியை அதே நாடாவில் பதிந்தால் முந்தைய குரல் அழிந்துவிடும்.