கொள்வோனும் கொடுப்போனும்

இலக்கணம் சொல்ல வந்த பவணந்தி முனிவர், எழுத்தைத் தொடங்குமுன் கற்பவனின் மனத்தைப் பற்றிச் சிந்தித்தார் என்பது எனக்கு எந்நாளும் வியப்பளிப்பது. 13ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்திலே, பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், வயிறார மேய்ந்து பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசு, உழைப்பின் அளவுக்கு விளையும் நிலம், சொன்னதையே சொல்லும் கிளி, ஒழுகும் குடம், செடிக்குச் செடி தாவும் ஆடு, குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பற்றும் நெய்யரி என்று மாணாக்கரின் சுபாவங்களை அவர் காட்டுகிறார். அவற்றைத் தலை, இடை, கடை எனத் தரம் பிரித்தது என் மனத்துக்கு முழுவதும் உவப்பானதன்று. ஆயினும், இடையில் வைக்கப்பட்ட நிலத்தின் உவமை, விளைச்சலின் பொறுப்பை உழுகிறவன்மேலும் அல்லவா சுமத்துகிறது? ஆசானிடம் செவ்வையாகக் கேட்டாலும் புலமையில் கால் பங்கே கிட்டும், உடன் பயில்வோரால் மற்றொரு கால், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய பாதி என்றும் அவர் கணக்கிட்டார்.

அந்தக் கணக்கின் சாயலைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் காணலாம். விரலால் மணலில் எழுதும்போதே உரத்துச் சொல்லி, கையும் கண்ணும் செவியும் ஒருங்கே அப்பியாசம் பெற, விரைந்து கற்றவன் ஓலைக்கும் எண்சுவடிக்கும் போய்விட, மெதுவாகக் கற்பவன் தன் எழுத்திலேயே நின்று பழக, உபாத்தியாயருக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொன்னான். பிரம்படியும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையும் அங்கே இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதியாரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அத்திண்ணைகளில் இடமே இல்லை. இவற்றை மறைத்து அப்பள்ளியைப் புகழ்வது தர்மமாகாது.

சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியிலும் புகுத்தி, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வகுத்து, அதன் விவரத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்று பெயர் பெற்ற அது, ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைச் சொற்பச் செலவில் நடத்தும் உபாயமாக இங்கிலாந்தில் பரவிற்று.

இங்கேயோ, 1826இல் சென்னை மாகாண ஆளுநர் மன்றோ எழுதிய குறிப்பின்படி மாகாணமெங்கும் 12,498 பள்ளிகள் இருந்தன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பரீட்சை முடிவை அளவாகக் கொண்டு மானியம் வழங்கும் விதி வந்தபோது, பரீட்சகர் வரும் நாளில் வகுப்பு முழுவதும் ஒரே பாடத்தில் நிற்கவேண்டியதாயிற்று; சொன்னதைச் சொல்லும் கிளியால் பள்ளிக்குப் பணம் வந்தது, அமர்ந்து அசைபோடும் பசுவுக்கோ அவகாசம் இல்லாமற் போயிற்று.