லண்டன் கைவிட்ட வட்டம்: தாமஸ் தே ஹாவிலாண்டும் சென்னை செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும்

சென்னையின் இரண்டு பழைய தேவாலயங்களைப் பற்றி ஒரே வரியைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள்: லண்டன் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் தேவாலயத்தைப் பின்பற்றியவை என்று. கதீட்ரல் சாலையின் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்துக்கு அது பொருந்தும். எழும்பூரில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு அது பாதிதான் பொருந்தும். அந்த மீதிப் பாதியில்தான் தாமஸ் ஃபியட் தே ஹாவிலாண்டின் உண்மையான பங்கு இருக்கிறது.

1720களில் செயின்ட் மார்ட்டினைக் கட்டிய ஜேம்ஸ் கிப்ஸ், முதலில் வரைந்து கொடுத்தது வட்ட வடிவம். செலவு மிகுதி என்று அதை ஒதுக்கிவிட்டு, நீள்சதுரக் கூடமும் முன்புறம் தூண் மண்டபமும் அதன் மேல் கோபுரமுமாகக் கட்டினார்கள். ஒதுக்கப்பட்ட வரைபடங்களையும் கிப்ஸ் 1728இல் வெளியிட்ட தம் நூலில் சேர்த்தார். கடல்கடந்த ஊர்களில் அந்த நூலுக்கு நல்ல மதிப்பு. கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பயிற்சி பெற்ற கட்டடக் கலைஞர்கள் அரிது. கட்ட வேண்டிய வேலை இராணுவப் பொறியாளர் தலையில் விழும். அவர்களுக்கு அச்சில் வந்த வரைபடமே ஆசான். 1787இல் முடிந்த கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் ஆலயம் இந்த வழியில் பிறந்ததுதான்.

தே ஹாவிலாண்டும் அப்படிப்பட்ட பொறியாளரே. 1775இல் குவெர்ன்சி தீவில் பிறந்து, இளம் வயதிலேயே மதராஸ் படையில் சேர்ந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தபோது, காவிரிக்குக் குறுக்கே அகன்ற செங்கல் வளைவுகளால் பாலம் கட்டலாம் என்றார். யாரும் நம்பவில்லை. 1808 வாக்கில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே ஏறத்தாழ 100 அடி அகல வளைவு ஒன்றைக் கட்டிக் காட்டினார். மேலே ஏறிக் குதித்தால் அதிரும் என்று பழைய பயண நூல்கள் சொல்லும் அந்த வளைவு, நூறாண்டுக்கு மேல் நின்று 1930களில்தான் விழுந்தது. பாலம் மட்டும் வரவே இல்லை. 1809இல் கம்பெனி அதிகாரிகள் நடத்திய கலகத்தில் சிக்கி வேலையை இழந்தார். பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

1815இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தின் வரைபடம் மூத்த பொறியாளர் ஜேம்ஸ் கால்டுவெல்லுடையது. கட்டுமானப் பொறுப்பு தே ஹாவிலாண்டுடையது. கிப்ஸ் கட்டிமுடித்த வடிவத்தை அது பெரும்பாலும் தழுவியது. அழகான கட்டடம், ஆனால் துணிச்சல் இல்லாதது.

மூன்றே ஆண்டுகளில் ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்களுக்கென ஓர் ஆலயம் கேட்டபோது, தே ஹாவிலாண்ட் அதே நூலில் லண்டன் ஒதுக்கிய பக்கத்தை எடுத்துக்கொண்டார். 1818இல் அடிக்கல், 1821இல் திறப்பு. ஏறத்தாழ 80 அடி விட்டமுள்ள வட்டக் கூடம்; அதனுள் 16 தூண்கள் வளையமாக நின்று, 51 அடிக்குச் சற்று மிகுந்த விட்டமுள்ள குவிமாடத்தைத் தாங்குகின்றன. முன்னால் அயோனியத் தூண் மண்டபம், மேலே சுமார் 166 அடி கோபுரம்.

வடிவத்தை நூல் கொடுத்தது. அது நிற்க வேண்டிய மண்ணைப் பற்றி நூலில் ஒரு வரியும் இல்லை. எழும்பூரில் அந்த இடம் இளகிய நிலம். மழைக்காலத்தில் நீர் ஊறும். அவ்வளவு உயரக் கோபுரத்தின் பாரத்தைச் சாதாரணக் கடைக்கால் தாங்காது. எனவே கிணறுகளை வரிசையாக இறக்கி, அவற்றின் மேல் சுவர்களை எழுப்பினார்கள். 14 அடி முதல் 50 அடி வரை ஆழம். மணற்பாங்கான நிலத்தில் கிணறு இறக்குவது இந்த ஊர் வேலையாட்களுக்குக் கைவந்த தொழில். மேலே கிரேக்கம், கீழே எழும்பூர்!

மேற்பூச்சும் அப்படியே. கிப்ஸின் லண்டன் ஆலயத்தில் இருப்பது கல்; இங்கே இருப்பது செங்கல்லும் சுண்ணாம்பும். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைக் குழைத்து, பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்த்து, பளிங்குபோல மின்னும்வரை கொத்தனார்கள் தேய்ப்பார்கள். இந்த முறையைத் தே ஹாவிலாண்ட் உற்றுக் கவனித்து, ஆலயம் பற்றிய தம் விவரக் குறிப்பில் எழுதிவைத்தார். அவரிடம் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். உள்ளூர் வேலையை இழிவாகப் பேசுவது அன்று கம்பெனி அதிகாரிகளிடம் சாதாரணம். இவரோ அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய நுட்பமாக நடத்தினார். கொத்தனார்களின் பெயர்களையும் எழுதியிருக்கலாம்.

ஜார்ஜ் டவுன் கரையைக் கடல் அரித்தபோது அதைத் தடுக்கக் கல்லணைச் சுவர் எழுப்பியவரும் அவரே. பின்னர் குவெர்ன்சிக்குத் திரும்பி, 1866இல் அங்கேயே இறந்தார்.

புதிய பாணி எதையும் தே ஹாவிலாண்ட் படைக்கவில்லை. மண்டபமும் தூணும் குவிமாடமும் கடன் வாங்கியவை. ஆனால் கிப்ஸ் காகிதத்தோடு விட்டதை நிலத்தில் நிறுத்திக் காட்டினார். சென்னையின் இந்த இரண்டு ஆலயங்களில் எது மேல் என்று கேட்டால், பேராலயத்தைவிட எழும்பூர் ஆலயத்தையே நான் முன்வைப்பேன். இருநூறு ஆண்டு கடந்தும் அதில் வழிபாடு நடந்துவருகிறது.