கொட்டியாரத்துத் திருகைக்கல்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மகாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் கரையிலே மூதூர் இருக்கிறது. புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் புதுமரம் நாட்டுவதற்காக இந்தக் குடாவுக்கு வந்தது. 1660ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கப்பல் தலைவரும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் கண்டி அரசனின் ஆட்களிடம் சிக்கினார்கள். அவர்கள் பிடிபட்ட இடம் என்று மூதூரில் 'வெள்ளைக்காரன் மர'த்தடியைச் சொல்வார்கள். 1893இல் அங்கே ஒரு நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது. தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் இருந்து, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்து, 1681இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார்.

அந்த நூலில் அரசனைப் பற்றிய பக்கங்களைத்தான் எல்லோரும் எடுத்துப் பேசுகிறார்கள். என்னை நிறுத்தியது குரக்கனைப் பற்றி அவர் எழுதியுள்ள சில வரிகளே. கடுகு போன்ற அந்தச் சிறு தானியத்தை மக்கள் உரலில் இடிப்பார்கள், அல்லது இரண்டு வட்டக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு தடியின் உதவியால் கையாலே சுழற்றி அரைப்பார்கள் என்கிறார். மலைநாட்டில் அவர் கண்ட அந்தக் கல்லை நானும் அறிவேன். கொட்டியாரத்தில் எங்கள் அம்மம்மாவின் அடுக்களைத் தாழ்வாரத்தில் கிடந்த திருகைதான் அது.

அம்மம்மா குரக்கனை இரவில் ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்வா. முளை தலைகாட்டியதும் பாயில் பரப்பி வெயிலில் உலர்த்தி, வேரைச் சுளகில் புடைத்துத் தள்ளிவிட்டுத் திருகையில் போடுவா. குழந்தைகளுக்குக் காய்ச்சும் கஞ்சிக்கு அந்த மா. சாதாரண மாவில் கஞ்சி இறுகிக் களியாகும்; முளைவிட்ட மாவிலோ இளகி ஓடும். தானியம் முளைக்கும்போது அதற்குள் உண்டாகும் நொதியம் மாச்சத்தை உடைத்துச் சீனியாக்குகிறது என்பதைப் பிற்பாடுதான் பாடசாலையில் படித்தேன். ஒருமுறை, சூடு காட்டியும் கொதிக்கவிடாத அந்தக் கரைசல் இரண்டு நாள் மறந்துபோய்ச் சட்டியில் இருந்துவிட்டது. மூடியைத் திறந்தால் நுரை. புளிப்போடு மயக்கும் ஒரு வாசம். அப்பப்பா முகர்ந்து பார்த்துச் சிரித்தார். அம்மம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் அதை வாழையடியில் ஊற்றினா.

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையை வாசித்தபோது அந்தச் சட்டி எனக்கு ஞாபகம் வந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்தப் பாட்டிலே, பாணன் வலைஞர் குடியிருப்புக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று சொல்லுமிடத்தில் ஒரு செய்முறை அப்படியே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாயகன்ற தட்டுப் பாத்திரத்தில் ஆறவிடுகிறார்கள். அதனோடு நல்லடையைக் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய, சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். நல்லடை என்பது நெல்முளை என்று உரைகாரர் பொருள் கொள்வர். அது புற்றினுள்ளே இருக்கும் குரும்பியைப் போல இருக்கும் என்பது புலவரின் உவமை. முளைவிட்ட தானியம் வேரோடு வேர் பின்னி அடையாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை எவ்வளவு சரியானது என்பது விளங்கும். புலவர் அதைக் கண்ணாற் கண்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன். அதே பாட்டில், வேறோரிடத்தில், வீட்டிலே சமைத்த தோப்பி என்னும் நெற்கள்ளும் வருகிறது.

இங்கே ஆலையும் இல்லை, இயந்திரமும் இல்லை. இருந்தவை உரலும் கல்லும் பெண்களின் கையுமே. இதில் ஒரு நுட்பம் உண்டு. பலகாரத்துக்கு இடிப்பதுபோல முளைத்தானியத்தை நுண்மாவாக இடித்தால் வடிக்கும்போது பசையாகி அடைத்துக்கொள்ளும். பருப்பு உடையவேண்டும், உமி கூடியவரை உடையாமல் நிற்கவேண்டும். அந்த உமிப்படையே வடிகட்டியாகிறது. இன்றைய வடிசாலைகளில் இரண்டு உருளைகளுக்கு இடையே வாற்கோதுமையை நெரிப்பது இதற்காகத்தான். சில இடங்களில் நெரிக்குமுன் சிறிது ஈரங்காட்டி உமியைத் துவளச் செய்வதும் உண்டு. உரலிலே இந்த வித்தை கடினம். உலக்கைக்கு உமியென்றும் பருப்பென்றும் தெரியாது. திருகையிலோ மேற்கல்லைச் சற்றே தூக்கி நிறுத்தினால் குறுணல்தான் விழும். குரக்கனுக்கோ வடிகட்டத்தக்க உமியே இல்லை. பெரும்பாணாற்றுப்படையின் மக்கள் விரலால் அலைத்துப் பிழிந்ததன் காரணமும் இந்தச் சிக்கலாக இருக்கலாம்.

உலகத்தில் மற்றவர்கள் வேறு வழிகளைக் கண்டார்கள். இமயமலைச் சரிவுகளில் குரக்கனை அரைப்பதே இல்லை. முழுத் தானியமாக அவித்து, நொதிக்கவைக்கும் உறைமருந்தைத் தூவிப் புளிக்கவிடுகிறார்கள். கிழக்கு ஆபிரிக்காவில் பெண்கள் அதை முளைக்கவைத்துக் கல்லில் அரைத்துக் காய்ச்சினார்கள்.

அப்படியானால் எங்கள் பக்கத்தில் நெற்கள் ஏன் மறைந்தது? என் எண்ணத்தைச் சொல்கிறேன், வேறு கருத்துள்ளவர்கள் இருக்கலாம். பனையும் தென்னையும் சீனியை ஆயத்தமாகவே தருகின்றன. பாளையைச் சீவி முட்டியைக் கட்டினால் போதும், மாலைக்குள் அது தானே புளித்துவிடும். தானியமென்றால் ஊறவைக்கவேண்டும், முளைக்கவைக்கவேண்டும், உலர்த்தவேண்டும், உடைக்கவேண்டும், சமைக்கவேண்டும். அத்தனையும் வீட்டுப் பெண்களின் முதுகில். நெல்லோ பஞ்சத்தில் பொன். குழந்தையின் கஞ்சிக்குப் போதாத தானியத்தை ஆண்களின் சாடிக்குக் கொடுக்க எந்த அம்மம்மாவுக்கு மனம் வரும்? வாழையடியில் ஊற்றியபோது அவ முகத்தில் கோபம் இருக்கவில்லை. ஒரு கை குரக்கன் வீணாயிற்றே என்ற கணக்குத்தான் இருந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் அனுமதியின்றி மது செய்வதைக் குற்றமாக்கியபோது, தோப்பியைப் பொறுத்தவரை இங்கே தடுப்பதற்குப் பெரிதாக எதுவும் மீதி இருந்திருக்காது. வாற்கோதுமைப் பியரோ நுவரெலியாவின் குளிரில் வெள்ளைக்காரர் தொடங்கிய தொழில். துறைமுகத்துக்குக் கப்பற்படைச் சிப்பாய்களைத் தேடி அது வந்தது. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துப் போகும்வரை அவர்களோடே இருந்தது.

பிறகு 1980இல் சீனன்குடாவில் பிரிமா மாவாலை இயங்கத் தொடங்கியது. கப்பலில் வந்த கோதுமை அங்கே மாவாகி நாடெங்கும் போயிற்று. வீட்டில் பாண், பிட்டு, ரொட்டி எல்லாவற்றுக்கும் பிரிமா மாவே என்றாயிற்று. திருகை தாழ்வாரத்திலிருந்து கோடிக்குப் போனது. அதன்மேல் கோழி ஏறி நின்றது.

ஆனால் அந்தக் கோடியிலேயே அது கிடந்துவிடவில்லை. 1990இல் சண்டை மூண்டு பாதைகள் அடைபட்டபோது, குடாவுக்கு அப்பால் அந்த மாபெரும் ஆலையின் உச்சி தெரியும். எங்களுக்கு மா வராது. டீசல் இல்லாமல் ஊர் ஆலையும் நின்றுவிட்டது. அம்மா கல்லைக் கழுவி, அச்சுக்குப் புதிய கட்டை செதுக்குவித்து, நெல்லையும் குரக்கனையும் அதிலே உடைத்தா. அடுத்த வளவுப் பெண்கள் சுளகோடு வரிசையில் இருந்தார்கள். நள்ளிரவிலும் அந்தக் 'கறகற' கேட்கும். யார் வீட்டுக் குழந்தைக்கு எத்தனை கை என்று அம்மா மனத்திலே கணக்கு வைத்திருந்தா. ஒரு குறுணலும் சிந்தவிடமாட்டா.

நாங்கள் இடம்பெயர்ந்த இரவில் திருகையைத் தூக்கிவர முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போனபோது வீட்டின் கூரை இல்லை. கீழ்க்கல் இருந்த இடத்திலேயே மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. மேற்கல்லை யாரோ கிணற்றடியில் துணி தோய்க்கப் போட்டிருந்தார்கள். அம்மா அதன் நடுக்குழியில் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தா, மண்தான் வந்தது. என்னையும் தம்பியையும் கூப்பிட்டு, அதை உருட்டிக்கொண்டுபோய்க் கீழ்க்கல்லின்மேல் வைக்கச் சொன்னா. வைத்தோம்.