பாசில்லஸ் மெகாதீரியம்

பாசில்லஸ் மெகாதீரியம் என்பது மண்ணில் இயல்பாக வாழும் கோல் வடிவ பாக்டீரியா ஆகும். மண்ணில் கரையாமல் தங்கியுள்ள மணிச்சத்தைக் (பாஸ்பரஸ்) கரைத்துப் பயிருக்குக் கிடைக்கச் செய்யும் தன்மையால் இது உயிர் உரமாகப் பயன்படுகிறது. தமிழக உழவர்கள் இதனைப் "பாஸ்போபாக்டீரியா" என்ற பொதுப்பெயரால் அறிவர். மருந்து, நொதித் தொழில்களிலும் இதற்கு இடம் உண்டு. 2020ஆம் ஆண்டில் இவ்வினம் பிரீஸ்டியா என்னும் புதிய பேரினத்திற்கு மாற்றப்பட்டது. எனினும் வேளாண் வழக்கில் பழைய பெயரே நிலைத்துள்ளது.

பெயரும் இயல்பும்

செருமானிய அறிஞர் அன்டன் டி பாரி 1884ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். மெகாதீரியம் என்பதற்குக் கிரேக்க மொழியில் "பெரிய விலங்கு" என்று பொருள். இதன் உயிரணு ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டர் நீளமும் 1.5 மைக்ரோமீட்டர் அகலமும் கொண்டது. பாக்டீரியாக்களுள் இது பெரிய உருவமே. இதனால் நுண்ணோக்கி ஆய்வுகளுக்கு இது மிகவும் ஏற்றதாயிற்று. பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ஆந்திரே லுவாஃப், ஒரு தீநுண்மம் பாக்டீரியாவுக்குள் செயலற்று ஒடுங்கித் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுவதை 1950ஆம் ஆண்டளவில் இதனைக் கொண்டே மெய்ப்பித்தார். அவர் 1965ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வறட்சி, வெப்பம், உணவின்மை ஆகியவை நேரும்போது இப்பாக்டீரியா தடித்த உறையுள்ள வித்தாக (அகவித்து) மாறி உறங்கும். ரைசோபியம், அசோஸ்பைரில்லம் ஆகிய உயிர் உர பாக்டீரியாக்களுக்கு இத்திறன் இல்லை.

தொழில்துறை

பென்சிலின் மூலக்கூற்றின் பக்கச் சங்கிலியை வெட்டும் நொதியை இது சுரக்கிறது. அவ்வாறு வெட்டிக் கிடைக்கும் கருவிலிருந்தே ஆம்பிசிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் செய்யப்படுகின்றன. உயிர்ச்சத்து பி12 ஐயும் இது ஆக்கவல்லது. ஆனால் அதன் பெருந்தொழில் உற்பத்தி வேறு பாக்டீரியாக்களை நம்பியே நடைபெறுகிறது. இதிலிருந்து பெறப்பட்ட பி450 பிஎம்3 என்ற நொதி, பிரான்சிஸ் ஆர்னால்டின் நெறிப்படுத்தப்பட்ட பரிணாம ஆய்வுகளில் முக்கிய இடம் பெற்றது. அவருக்கு 2018ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வேளாண்மை ஆய்வுகள்

சோவியத் ஒன்றியத்தில் மென்கினா என்ற ஆய்வாளர் இதன் ஒரு வகையைப் பிரித்தெடுத்தார். அது "பாஸ்போபாக்டெரின்" என்ற பெயரில் அந்நாட்டில் பெரும் பரப்பில் இடப்பட்டது. விளைச்சல் கூடியதாக அங்கிருந்து அறிக்கைகள் வந்தன. ஆனால் அதே பொருளை ஆய்வுக்கூடத்திலும் பசுமைக்குடிலிலும் வயலிலும் சோதித்த அமெரிக்க வேளாண்மைத் துறையினர், குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை என்று 1962இல் வெளியிட்டனர். இம்முரண்பாட்டில் இரு தரப்பில் ஒன்று பொய் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் பாக்டீரியா சுரக்கும் கரிம அமிலம் அதனைச் சுற்றியுள்ள பாஸ்பேட்டைக் கரைத்துத் தெளிந்த வளையத்தை உண்டாக்கும். வயலிலோ அந்த அமிலம் முதலில் மண்ணை எதிர்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் சுந்தர ராவும் சின்காவும் பாஸ்பேட்டைக் கரைக்கும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வினை 1963இல் வெளியிட்டனர். பின்னர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இப்பாக்டீரியாவைத் தன் சாகுபடிப் பரிந்துரைகளில் சேர்த்தது. பழுப்பு நிலக்கரித் தூள் இங்கு இதனைத் தாங்கும் ஊடகமாகப் பயன்படுகிறது.

கரிசல் நிலத்தில்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரங்கள் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பியவை. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இப்பகுதியில் பரந்துள்ள கரிசல் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி. உழும்போது சுக்கான் கற்கள் மேலே வரும். இத்தகைய மண்ணில் இடப்படும் மணிச்சத்து சுண்ணாம்புடன் இணைந்து விரைவில் கரையாத கால்சியம் பாஸ்பேட்டாகிறது. முதற்பயிர் எடுத்துக்கொள்வது இட்டதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. மிச்சம் ஆண்டுதோறும் நிலத்தில் சேர்கிறது. பாஸ்பேட் உரங்களுக்கான மூலப்பொருளை இந்தியா பெரும்பாலும் இறக்குமதி செய்வதால் இது சிறிய இழப்பன்று.

பாக்டீரியாவின் வேலை இங்கே மிகவும் தேவை, கடினமானதும் இங்கேதான். சுரக்கும் அமிலத்தைச் சுண்ணாம்பே முறித்துவிடும். ஆகவே வேரை ஒட்டிய மெல்லிய மண்படலத்தில்தான் பயனை எதிர்பார்க்கலாம். அங்கு வேர்க்கசிவு அதற்கு உணவாகிறது. இது சுரக்கும் பாஸ்பேட்டேஸ் நொதி மட்கிலுள்ள கரிம மணிச்சத்தை விடுவிப்பதற்கு அமிலம் தேவையில்லை. தொழுவுரம் இடும் வழக்கம் குறைந்த நிலத்தில் இவ்வழியும் அடைபடுகிறது. மழைக்கு முன் புழுதியில் விதைக்கும்போது வித்து நிலை பாக்டீரியாவைக் காக்கும். ஆனால் உறங்கும் வித்து எதையும் கரைப்பதில்லை. ஈரம் கிடைத்த பின்னரே அது விழித்துச் செயற்படும். மழை தவறிய ஆண்டில் உயிர் உரத்தின் பயனும் பயிரோடு தவறும்.

பயன்படுத்தும் முறை

பொதுப் பரிந்துரையின்படி ஓர் எக்டேருக்கான விதையுடன் 200 கிராம் கொண்ட 3 பொட்டலங்களை (600 கிராம்) ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையாயின் 24 மணி நேரம் இடைவெளி தேவை. நிலத்தில் இடுவதாயின் எக்டேருக்கு 10 பொட்டலங்களை (2 கிலோ) 25 கிலோ தொழுவுரத்துடனும் 25 கிலோ மண்ணுடனும் கலந்து தூவலாம். மானாவாரி நிலத்தில் தொழுவுரத்தின் அளவைச் சுருக்காமல் இருப்பது நல்லது.

இப்பாக்டீரியா மணிச்சத்தை உண்டாக்குவதில்லை, இருப்பதை விடுவிக்கிறது. எனவே மண் ஆய்வு செய்யாமல் மணிச்சத்து உரத்தை முற்றிலும் நிறுத்துவது சரியன்று. இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிர் உரங்கள் 2006ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. அதன்படி பாஸ்பேட்டைக் கரைக்கும் பாக்டீரியாத் தூளின் ஒவ்வொரு கிராமிலும் குறைந்தது 5 கோடி உயிருள்ள அணுக்கள் இருத்தல் வேண்டும். திரவ வடிவில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 கோடி. பொட்டலத்தை வெயிலில் வைக்காமல், அதில் அச்சிட்டுள்ள காலாவதி நாளுக்குள் பயன்படுத்த வேண்டும்.