தவறும் இடரும்: நியூயார்க் மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டச் சீர்திருத்தம் (1910–1917)

1911 மார்ச் 24 அன்று நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், ‘ஐவ்ஸ் எதிர் சவுத் பஃபலோ இரயில்வே’ வழக்கில், முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட கட்டாயத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மறுநாள் நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றி 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். இவ்விரு நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்துக் காணும்போது, சட்டம் நிலைத்திருந்தால் அக்குடும்பங்கள் இழப்பீடு பெற்றிருக்கும் என்னும் எண்ணம் எளிதில் எழுகிறது. அவ்வெண்ணம் பிழையானது. 1910ஆம் ஆண்டுச் சட்டம் இரயில்வே, சுரங்கவழி, சாரம், வெடிபொருள், மின்கம்பி போன்ற எட்டு வகை அபாயப் பணிகளுக்கு மட்டுமே பொருந்தியது. தையல் தொழில் அவற்றுள் இல்லை.

அச்சட்டம் மாற்ற முனைந்த பழைய நெறி, தவறு என்னும் கருத்தை அடித்தளமாகக் கொண்டது. முதலாளியின் கவனக்குறைவைத் தொழிலாளரே மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தாலும் முதலாளிக்கு மூன்று எதிர்வாதங்கள் இருந்தன: தொழிலாளரும் கவனக்குறைவாக இருந்தார், பணியின் இடரை அறிந்தே ஏற்றார், விபத்துக்கு உடன் பணியாளரே காரணம். மூன்றாவது வாதம் இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டின் பிரீஸ்ட்லி வழக்கில் முளைத்து, 1842இல் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவேல் ஷாவின் தீர்ப்பால் அமெரிக்காவில் வேரூன்றியது. இதன் விளைவைக் கிரிஸ்டல் ஈஸ்ட்மனின் 1910ஆம் ஆண்டு ஆய்வு எண்களில் காட்டியது. பிட்ஸ்பர்க் அமைந்துள்ள அலெகெனி கவுண்டியில் ஓராண்டில் நேர்ந்த 526 பணியிட மரணங்களை அவர் ஆராய்ந்தார். இறந்த மணமான ஆண்களின் குடும்பங்களுள் பாதிக்கு மேற்பட்டவை 100 டாலரோ அதற்கும் குறைவாகவோ பெற்றன, அல்லது எதுவுமே பெறவில்லை. நியூயார்க் சட்டத்தை வகுத்த ஆணையத்தின் செயலரும் ஈஸ்ட்மனே.

பழைய நெறியின் அநீதியை ஐவ்ஸ் தீர்ப்பு மறுக்கவில்லை என்பது கருதத்தக்கது. தவறிழைக்காத முதலாளியைப் பணம் செலுத்த வைப்பது உரிய சட்ட நடைமுறையின்றி அவரது சொத்தைப் பறிப்பதாகும் என்பதே அதன் வாதம். இத்தடையைத் தவிர்க்கவே விஸ்கான்சின், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் அதே ஆண்டில் முதலாளியின் விருப்பத் தேர்வுக்கு இடமளிக்கும் சட்டங்களை இயற்றின. நியூயார்க் வேறு வழியை நாடியது. 1913இல் மாநில அரசியலமைப்பையே திருத்தி, 1914 ஜூலை முதல் புதிய கட்டாயச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது.

புதிய சட்டம் 42 தொழிற்பிரிவுகளைத் தழுவியது. ஆடை உற்பத்தியும் அவற்றுள் இடம்பெற்றது. யார் தவறு என்ற கேள்வியின்றி, முழுமையாகச் செயலிழந்த தொழிலாளருக்கு வாரக்கூலியில் மூன்றில் இரு பங்கு வழங்க வேண்டும். இறந்தவரின் கைம்பெண்ணுக்குக் கூலியில் 30 விழுக்காடும் ஒவ்வொரு குழந்தைக்கும் 10 விழுக்காடும் வரையறுக்கப்பட்டன. இதற்கு விலையாகத் தொழிலாளர் வழக்குத் தொடரும் உரிமையை இழந்தார். இரு தரப்பும் ஒன்றை விட்டு ஒன்றைப் பெற்றன என்னும் அடிப்படையில், 1917இல் ‘நியூயார்க் சென்ட்ரல் எதிர் ஒயிட்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது.

ஈஸ்ட்மனின் எண்களை நோக்கின், தொழிலாளர் விட்டுக்கொடுத்த உரிமை நடைமுறையில் மலிவானதே. டிரையாங்கிள் குடும்பங்களுள் 23 தொடுத்த வழக்குகளும் 1914இல் உயிருக்கு 75 டாலர் என்ற அளவில் முடிந்தன. எனினும் புதிய கணக்கு கூலியையும் சார்புநிலையையும் மட்டுமே அளந்தது. மணமாகாத மகளை இழந்த பெற்றோர், அவள் உழைப்பைச் சார்ந்தே தாம் வாழ்ந்ததைக் காட்டியாக வேண்டும். டிரையாங்கிள் உரிமையாளர்கள் 1911 டிசம்பரில் விடுதலை பெற்ற குற்ற வழக்கு, ஒரு கதவு பூட்டப்பட்டிருந்ததை அவர்கள் அறிந்திருந்தனரா என்பதைச் சுற்றியே நடந்தது. இழப்பீடு கோரி வரும் குடும்பம் 1914க்குப் பின் அக்கதவைப் பற்றி எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கதவைப் பூட்டியது யார் எனக் கேட்கும் வாய்ப்பும் இழப்பீட்டு விசாரணையில் அதற்கு இல்லை.