வெண்ணெயை விட்ட ஊர்: வடக்கு கரேலியா கதை

போன எபிசோடுக்கு ஒரு நண்பர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ்: "நெய்யைக் குறைங்கன்னு டாக்டர் எங்கப்பாகிட்ட வருஷக்கணக்கா சொல்றாரு. இவரும் தலையாட்டிட்டு வந்து பொங்கல்ல ஊத்திக்கிறாரு. சொல்லி யாராவது மாறியிருக்காங்களா ப்ரோ?"

ஒரு மாகாணமே மாறியிருக்கு. ஆனா வெறுமனே சொன்னதால இல்ல.

பின்லாந்தோட கிழக்கு ஓரம், ரஷ்ய எல்லைப் பக்கம் இருக்கு வடக்கு கரேலியா. காடு, ஏரி, பனி. 1960கள்ல மரம் வெட்டுறதும் மாடு வளர்க்கிறதும்தான் அங்க முக்கியமான பிழைப்பு. உழைப்புக்குக் குறைவே இல்ல. ஆனாலும் நாற்பது, ஐம்பது வயசு ஆம்பளைங்க மாரடைப்புல போய்க்கிட்டே இருந்தாங்க. அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் ஏழு நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தப்போ, இதய நோய்ல கிழக்கு பின்லாந்துதான் முதலிடம்.

சாப்பாட்டைப் பாருங்க. ரொட்டி மேல தடியா வெண்ணெய், கொழுப்பு எடுக்காத பால், பன்றி இறைச்சி. எல்லாமே நிறைவுற்ற கொழுப்பு, அதாவது சாச்சுரேட்டட் ஃபேட். காய்கறி ரொம்பக் கம்மி. போர்க்காலத்துல ரேஷன்ல வாழ்ந்த சனத்துக்கு வெண்ணெய்தான் நல்ல வாழ்க்கையோட அடையாளம். அதைப் போய் விடச் சொன்னா?

1971ல அந்த ஊர் ஆளுங்களே அரசாங்கத்துக்கு மனு போட்டாங்க, 'எங்களைக் காப்பாத்துங்க'ன்னு. அடுத்த வருஷம் திட்டம் ஆரம்பிச்சப்போ தலைமை தாங்கின பெக்கா புஸ்காவுக்கு இருபத்தேழு வயசுகூட நிறையல. (அந்த வயசுல நான் லாகின் பட்டன் நிறத்தை மாத்திக்கிட்டிருந்தேன்.)

நோட்டீஸ் மட்டும் போதாதுன்னு அவர் டீமுக்குப் புரிஞ்சது. அங்க மார்த்தா சங்கம்னு பெண்களோட அமைப்பு ஒண்ணு உண்டு. அவங்க சாயங்காலத்துல ஊரைக் கூட்டினாங்க. வழக்கமான கறிக்குழம்புல கொழுப்பைக் குறைச்சு, காய்கறியைக் கூட்டி, எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிட்டாங்க. இன்னொரு பக்கம் சாசேஜ் கம்பெனிகிட்ட பேசி கொழுப்பைக் குறைக்க வெச்சாங்க. கடைகள்லயும் கொழுப்பு குறைஞ்ச பால் வந்துச்சு.

அப்பதான் சண்டை. வெண்ணெய் வேண்டாம்னா பால்மாடு வெச்சிருக்கிறவன் எங்க போவான்? எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது. விவசாயியை வில்லனாக்காம, மாத்து வழி தேடினாங்க. குளிர் தாங்குற கடுகு இனப் பயிரை வளர்த்து உள்ளூர்லயே சமையல் எண்ணெய் எடுத்தாங்க. 1980கள்ல பெர்ரி பழச் சாகுபடிக்குன்னே தனித் திட்டம் போட்டாங்க.

1972ல அங்க ஆண்களோட சராசரி கொலஸ்ட்ரால் 6.9 மில்லிமோல். நம்ம லேப் ரிப்போர்ட் கணக்குல ஏறக்குறைய 267! 2007ல அது 210 பக்கம் இறங்கிடுச்சு. வேலை செய்யுற வயசு ஆண்கள்ல இதய நோய்ச் சாவு நாற்பது வருஷத்துல 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சது.

இப்ப நம்ம ஆளுங்க கேப்பீங்க, கண்ட்ரோல் குரூப் எங்கன்னு. இருந்துச்சு, பக்கத்து மாகாணம் குவோப்பியோ. ஆனா அங்கயும் அதே டிவி, அதே பால் பாக்கெட். அங்கயும் சாவு குறைஞ்சது. ஏ/பி டெஸ்ட்ல பி குரூப்புக்கும் அப்டேட் போயிட்ட மாதிரி. அதனால திட்டத்துக்கு மட்டும் எவ்வளவு பேர் கொடுக்கலாம்னு ஆய்வாளர்கள் நடுவுல வாதம் உண்டு. ஆண்கள் சிகரெட்டும் குறைச்சாங்க, வைத்தியமும் முன்னேறுச்சு. ஆனாலும் பின்லாந்து முழுக்க எடுத்த கணக்குல, கொலஸ்ட்ரால் இறங்கினதுக்குத்தான் பெரிய பங்கு.

கதை அங்க முடியல. 2012 சர்வேல, பல வருஷமா இறங்கிக்கிட்டிருந்த கொலஸ்ட்ரால் திரும்ப ஏறியிருந்தது. கார்போஹைட்ரேட்டை வெட்டி கொழுப்பைக் கூட்டுற டயட் அலை வந்து, வெண்ணெய் மறுபடி தட்டுக்கு வந்திருந்த நேரம் அது.

அந்த நண்பருக்கு ஒண்ணு மட்டும் கேக்கிறேன்: உங்க வீட்டுல மளிகை லிஸ்ட் எழுதுறது யாரு? அடுத்த வாய்ஸ் மெசேஜ்ல சொல்லுங்க.