சங்கேடாவின் பொன்வண்ணம்

குஜராத்தில் தொழில் நிமித்தம் குடியேறி வாழும் தமிழன்பர்கள், அண்டை வீட்டு மணவிழாக்களில் ஒருவகை மர இருக்கைகளைக் கண்டிருப்பார்கள். அவை அரக்குச் சிவப்பு நிறமுடையவை; உருண்டு திரண்ட கடைசல் கால்கள் கொண்டவை; மேலெங்கும் பொன்னிறப் பூவேலை மின்னுபவை. ஊஞ்சல், தொட்டில், கோலாட்டக் கழி ஆகியவற்றிலும் இவ்வேலை உண்டு. பொன்வண்ணச் சாயத்தைத் தூரிகையால் தீட்டியிருக்கிறார்கள் என்றே நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். மரபு முறையில் செய்த வேலையாயின், அங்கே பொன்னும் இல்லை, பொன்வண்ணச் சாயமும் இல்லை. வெள்ளீயத்தின் மேல் மஞ்சட் சாயலுடைய அரக்குப் படலம் ஒன்று கண்ணாடிபோல் படிந்திருக்கிறது. அதன் ஊடாகப் பார்க்கும் நம் கண்ணே வெள்ளியைப் பொன்னாக்கிக் கொள்கிறது.

இவ்வேலைக்குப் பெயர்பெற்ற சங்கேடா என்னும் ஊர், வதோதராவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் ஓர்சங் ஆற்றங்கரையில் உள்ளது. 2013ஆம் ஆண்டில் அமைந்த சோட்டா உதய்ப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தொழில் செய்வோர் கராதி சுதார் என்னும் வகுப்பினர். கராதி என்றால் கடைசல்காரர் என்பது பொருள்.

தேக்கு மரத்தைக் கடைந்து, வழவழப்பாக்கி, முதலில் அரக்குச் சிவப்பு நிறம் ஏற்றுகிறார்கள். வெள்ளீயத்தைப் பசையோடு சேர்த்து நெடுநேரம் அரைத்தெடுத்த குழம்பால் கொடியும் பூவும் கோடும் வரைகிறார்கள். காய்ந்தபின் பார்த்தால் அது சாம்பல் பூத்ததுபோல் மங்கிக் கிடக்கும். அதனை அக்கீக் கல்லால் தேய்த்தால் வெள்ளிபோல் ஒளி எழும். இக்கல்லுக்கு அவர்கள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அக்கீக் வாணிகத்துக்குப் பழம்புகழ் பெற்ற காம்பே அதே குஜராத்தில்தான் இருக்கிறது. இறுதியாகத் தெளிந்த அரக்கை மேலே பூசுகிறார்கள். அக்கணமே வெள்ளி பொன்னாகிறது.

தட்டையான பலகையில் இத்தகைய படலத்தைச் சீராகப் படியவைப்பது கடினம். ஓரிடத்தில் தேங்கும், ஓரிடத்தில் மெலியும். தேங்கிய இடம் செம்பாகவும் மெலிந்த இடம் ஈயமாகவும் தோன்றினால் பொன் என்னும் மயக்கம் கலைந்துவிடும். கடைசல் பட்டறையிலோ மரமே சுழல்கிறது. அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்திப் பிடித்தால், உராய்வின் சூட்டில் அரக்கு இளகி வளைவு முழுவதும் தானாகவே பரவுகிறது. குமிழுக்கும் குமிழுக்கும் இடையே உள்ள பள்ளங்களுக்குள் அதனை இட்டுச் செல்வது, காய்ந்த தாழை மடல். வளையும் அளவுக்கு மென்மையும், அழுத்தினால் மடங்காத விறைப்பும் அதற்கு உண்டு. சங்கேடா நாற்காலியின் முதுகிலே அகன்ற பலகைக்கு மாறாகக் கடைந்த சிறு தூண்களையே அடுக்கியிருப்பதன் காரணமும் இதிலேயே அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். படலத்தின் இயல்பே பொருளின் வடிவத்தை வகுத்திருக்கிறது.

இங்கு மொழிபெயர்ப்போருக்கு நேரும் ஓர் இடறலைக் குறிப்பிட வேண்டும். லாட்சை என்னும் வடசொல்லோடு உறவுடையது லாக்கர் என்னும் ஐரோப்பியச் சொல். ஆயினும் ஜப்பானிய லாக்கர் என்பது ஒரு மரத்தின் பால். நம் அரக்கோ ஒரு பூச்சியின் கசிவு. அந்தப் பால் காற்றின் ஈரத்தில் இறுகும். அரக்கு சூட்டில் இளகும். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிட்டு, இத்தொழில் கீழைக் கடலுக்கு அப்பாலிருந்து வந்ததோ என்று ஐயுறுவது வீண் வேலை.

இத்தொழிலை வேறு யாரோ கற்பித்தார்கள் என்னும் கதைகள் நம் நாட்டில் மலிந்துள்ளன. சங்கேடாவில் ஒரு துறவியைச் சொல்கிறார்கள். கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலோ, திப்பு சுல்தான் அழைத்து வந்த பாரசீகக் கலைஞர்களைச் சொல்கிறார்கள். திப்பு ஆண்டது 1782 முதல் 1799 வரை. 1583 முதல் 1588 வரை கோவாவில் பேராயரின் செயலராக இருந்த லின்ஸ்கோட்டன் என்னும் டச்சுக்காரர், 1596இல் வெளியிட்ட தம் நூலிலேயே இந்நாட்டுக் கடைசல்காரர்களை விவரித்திருக்கிறார். சுழலும் மரத்தின்மேல் வேண்டிய நிறத்து அரக்கைப் பிடித்தவுடன் அது சூட்டில் உருகி ஒட்டிக்கொள்வதை அவர் வியந்து எழுதுகிறார். பாரசீகர் பொம்மைகளில் புதுமை புகுத்தியிருக்கலாம். படலம் ஏற்றும் வித்தை அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பே இம்மண்ணில் இருந்தது. வெள்ளீயத்தைப் பொன்னாகக் காட்டும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் துறவி தியோபிலஸ், குங்குமப்பூவின் சாயம் ஏற்றி ஈயத்தகட்டைப் பொன்னிறமாக்கும் வகையை எழுதிவைத்தார். எழுதியவர்கள் துறவிகளும் பயணிகளுமாகவே இருந்தார்கள். உளி பிடித்தவர்கள் எழுதவில்லை. அதனாலேயே அவர்கள் கண்டறிந்தார்கள் என்று சொல்ல நாம் தயங்குவது எவ்வகையில் நியாயம்?

நாமும் அக்குற்றத்திலிருந்து விலகியவர்கள் அல்லோம். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது, நம் வீட்டில் இருந்த சங்கேடா முக்காலியை நாள்தோறும் கைகழுவும் கிருமிநாசினியால் துடைத்து வந்தோம். அரக்கு சாராயத்தில் கரையும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. சில நாட்களில் ஒரு காலின் மேற்குமிழ் பிசுபிசுத்தது; துணியில் மஞ்சட் கறை படிந்தது. பொன்னிறக் கொடி இருந்த இடத்தில் வெண்ணிறக் கொடி ஒன்று, ஓர் இலைகூடக் குறையாமல், பளிச்சென்று நின்றது.